மீன் பேனைக் குறைக்க நாலு பலகை போதும்

வளர்ப்புக் குளத்தில் மீன் பேன் (மீனின் உடலில் ஒட்டி வாழும் சிறு ஒட்டுண்ணி) தென்பட்டால், நாலைந்து மரப்பலகைகளை நீரில் நட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து, நன்றாகச் சுரண்டி, வெயிலில் முற்றிலும் காயவிட்டு மறுபடி நடுங்கள். பெண் பேன் மீனை விட்டு இறங்கி, கெட்டியான பரப்பில்தான் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டுகிறது. காய்ந்தால் அவை செத்துவிடும். பொரிந்துவிட்டாலோ, குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும். வடியும் நீரோடு ஆற்று மீன்களிடமும் போய்ச் சேரும். ஆகவே வாரக் கெடுவைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

கல் கட்டிய கரையுள்ள குளத்தில் பலன் குறைவு. முட்டையிட வேறு இடம் ஏராளம். மீன்மேல் ஏற்கெனவே ஒட்டியுள்ள பேனை இது அகற்றாது. மீனைத் தாக்கும் இன்னொரு ஒட்டுண்ணியான நங்கூரப் புழுவுக்கும் உதவாது: அது முட்டைப் பைகளைத் தன் உடலிலேயே சுமக்கிறது.