மலைச்சரிவு ஊருக்குப் பொது மின்தூக்கியும் நடைமேம்பாலமும்: வடிவமைக்கும் முறை

கீழ்த்தெருவும் மேல்தெருவும் செங்குத்துச் சரிவால் பிரிந்து கிடக்கும் ஊர்களில், சரிவின் அடியில் ஒரு மின்தூக்கிக் கோபுரத்தை எழுப்பி, அதன் உச்சியிலிருந்து மேட்டுக்கு ஒரு நடைமேம்பாலம் போடுவது நெடுங்காலமாகக் கையாளப்படும் வழி. பிரேசிலின் சால்வடோர் நகரில் துறைமுகப் பகுதியை மேல்நகரத்தோடு இணைக்கும் லசெர்டா மின்தூக்கி 1873-இல் திறக்கப்பட்டது. மால்டாவின் வல்லெட்டாவில் துறைமுகக் கரையிலிருந்து மேல் பராக்கா பூங்காவுக்கு ஏறும் 58 மீட்டர் உயர மின்தூக்கி 2012-இல் வந்தது. இத்தகைய அமைப்பை ஊரின் தெருக்களில் ஒன்றாகவே எண்ணி வடிவமைக்க வேண்டும். படி ஏற முடியாதவருக்கு இதைத் தவிர வேறு தெரு இல்லை என்பதால், கீழே சொல்லும் ஒவ்வொரு முடிவும் அந்த ஒருவரை முன்வைத்தே எடுக்கப்பட வேண்டும்.

கோபுரத்தை வரைவதற்கு முன் இரு முனைகளையும் வரையுங்கள். பேருந்து நிறுத்தம், மருத்துவமனை, சந்தை, பள்ளி ஆகியவற்றிலிருந்து மின்தூக்கியின் வாசல் வரை, சக்கர நாற்காலியில் செல்பவர் ஒருவரையும் பார்வையற்றவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு நடந்து, சரிவு 20-க்கு 1 (20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்பதைத் தாண்டும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். சாய்தளத்துக்கு 12-க்கு 1 என்பதே பொதுவாக ஏற்கப்படும் மேல்வரம்பு. அதிலும் இடையிடையே சமதளத் தங்கல்கள் வேண்டும். கோபுரம் எவ்வளவு அழகாக அமைந்தாலும், அதன் வாசலுக்கு வரும் பாதை செங்குத்தாக இருந்தால் செலவழித்த பணம் வீண்.

அடுத்து, கோபுரம் சரிவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஒட்டி நின்றால் பாலம் குட்டையாகும்; ஆனால் அடித்தளம் தோண்டும்போது சரிவின் அடிப்பகுதி பலவீனப்படும், பாறை உருளும் அபாயமும் உண்டு. ஆகவே இரு முனைகளிலும் மண் ஆய்வு முடியும் வரை இடத்தை உறுதி செய்யாதீர்கள். மின்தூக்கியின் அடிக்குழி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் மழைநீர் அங்கேதான் தேடி வரும். மேட்டுப்பக்கத்தில் இடைமறிக்கும் வடிகாலும், குழிக்குள் நீர் இறைக்கும் பம்பும் வையுங்கள். வெள்ளத்துக்கு அஞ்சி வாசலில் ஒரு படியைக் கட்டிவிட்டால் மொத்த நோக்கமும் கெட்டுவிடும். வாசல் முன்னே தரையையே மெல்லிய சரிவாக உயர்த்துவதுதான் சரி.

கொள்ளளவைக் கணக்கிடுவது கடினமில்லை. 40 மீட்டர் உயரத்தை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் கடக்க 25 நொடி. வேகமெடுக்கவும் குறைக்கவும் 3 நொடி. கதவு திறந்து மூடவும் மக்கள் ஏறி இறங்கவும் 22 நொடி என்று வைத்தால், ஒரு வழிக்கு 50 நொடி, ஒரு சுற்றுக்கு 100 நொடி. மணிக்கு 36 சுற்று, ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் என்றால் ஒரு திசையில் 360 பேர். முதியவர் மெதுவாக ஏறும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இந்த எண்ணிக்கை ஊருக்குப் போதுமானதாக இருந்தாலும் இரண்டு பெட்டிகள் வையுங்கள். ஒன்று பராமரிப்பில் நிற்கும் நாளிலும் தெரு திறந்திருக்க வேண்டும் என்பதே காரணம். பணம் போதவில்லை என்றால் கோபுரத்தின் மேற்பூச்சில் குறைத்துக்கொள்ளலாம், இரண்டாவது பெட்டியில் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியின் உள்ளளவு 1,100-க்கு 1,400 மில்லிமீட்டர் என்பது ஒரு சக்கர நாற்காலியும் உடன் ஒருவரும் நிற்கப் போதுமான குறைந்த அளவு மட்டுமே. பொது இடத்துக்கு இதைவிடப் பெரியதே பொருந்தும். கீழே ஒரு பக்கமும் மேலே எதிர்ப்பக்கமும் கதவு திறந்தால், நாற்காலியைத் திருப்பாமல் நேராக உருட்டிச் செல்லலாம். பொத்தான்கள் அமர்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில், பிரெயில் எழுத்தோடும் ஒலி அறிவிப்போடும் இருக்கட்டும்.

பாலத்தில் இரு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தேவை. அமர்ந்து செல்பவரின் பார்வை மறைபடாதபடி தடுப்பு இருக்க வேண்டும், 1.1 மீட்டர் உயரத்துக்கு அடைத்துக் கட்டிய சுவர்களின் நடுவே செல்வது அவருக்குப் பள்ளத்தாக்கில் செல்வது போலிருக்கும். மெலிந்த எஃகுப் பாலமானால் அதிர்வைச் சோதியுங்கள். லண்டன் மில்லேனியம் பாலம் 2000-இல் திறந்த இரண்டே நாளில், நடப்பவர்களின் அடிகளால் பக்கவாட்டில் ஆடியதால் மூடப்பட்டு, அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்திய பிறகு 2002-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

அதிகம் கவனிக்கப்படாத இடம் விரிவு இணைப்பு, அதாவது வெப்பத்தில் பாலம் நீளவும் சுருங்கவும் அதன் முனையில் விடும் இடைவெளி. 40 மீட்டர் எஃகுப் பாலம், 40 பாகை செல்சியஸ் வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்த இடைவெளியில் சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் குறுக்காகத் திரும்பினால் சிக்கிக்கொள்ளும், ஊன்றுகோலின் முனையும் இறங்கிவிடும். பாலத்தைக் கோபுரத்தோடு பிணைத்து, நகர்வை மேட்டுப்பக்கத் தாங்கியில் விடுவதையே நான் விரும்புகிறேன். அப்போது மின்தூக்கியின் வாசல் அசையாது, மேட்டில் இடைவெளியின் மேல் போடும் மூடுதகட்டை எளிதாகச் சோதிக்கலாம். பாலத்தின் சுமையும் காற்றின் தள்ளுதலும் கோபுரத்துக்குக் கூடுவதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கில் சேர்க்க வேண்டும். மூடுதகட்டின் ஓரங்களைச் சரிவாகச் சீவுவதும், ஈரத்தில் வழுக்காத மேற்பரப்புக் கொடுப்பதும் சிறு வேலைகள். வரைபடத்தில் எழுதாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

பழுதைப் பற்றி ஓரிகன் சிட்டியின் வரலாறு நன்கு கற்பிக்கிறது. அமெரிக்காவின் அந்த ஊரில் 1915-இல் திறந்த மின்தூக்கி நீரழுத்தத்தால் இயங்கியது. மேலே ஏற மூன்று நிமிடம் ஆனது, அது இயங்கும்போது சுற்றுப்புறத்தில் குழாய்நீரின் அழுத்தம் குறைந்தது. நடுவழியில் நின்றால் பயணிகள் பொறிக்கதவு (தப்பிக்க வைத்த சிறு திறப்பு) வழியே வெளிவந்து குறுகிய ஏணியில் தப்ப வேண்டியிருந்தது. 1924-இல் மின்சாரத்துக்கு மாறியதும் பயணம் அரை நிமிடமாகச் சுருங்கியது. இன்றுள்ள 130 அடிக் கோபுரம் 1955-இல் திறந்தது. ஏணியைப் பயன்படுத்த முடியாதவர் உள்ளே இருப்பார் என்று கொண்டே உங்கள் மீட்புத் திட்டம் எழுதப்பட வேண்டும்: மின்சாரம் போனால் பெட்டி தானாக அருகிலுள்ள தளத்துக்கு வந்து கதவைத் திறக்கும் மின்கல ஏற்பாடு, தனி மின்னாக்கி, செவித்திறன் குறைந்தவரும் பயன்படுத்தக்கூடிய அவசர அழைப்புக் கருவி ஆகியவை வேண்டும்.

வல்லெட்டாவில் 1905-இல் தொடங்கிய பழைய மின்தூக்கி 1973-இல் நின்றது. புதியது வரும் வரை ஊர் ஏறக்குறைய நாற்பதாண்டு காத்திருந்தது. ஆகவே பராமரிப்புச் செலவு எந்த நிதியிலிருந்து வரும், பழுதை எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், முதல் பேருந்திலிருந்து கடைசிப் பேருந்து வரை இயங்குமா என்பவற்றை ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே எழுத்தில் கொண்டுவாருங்கள். மின்தூக்கி நின்றுவிட்ட அறிவிப்பு அதன் கதவில் தொங்கினால் மட்டும் போதாது. இரு முனைகளிலும் உள்ள பேருந்து நிறுத்தங்களிலேயே, மாற்றுப் பாதையின் விவரத்தோடு தெரிய வேண்டும்.