பள்ளிச் சுவரில் ஒலிம்பிக் வளையம் வரைய

வேலூர்ப் பக்கம் விளையாட்டு விழா வந்தால் காம்பவுண்டுச் சுவரில் ஐந்து வளையமும் வந்துவிடும். அதில் தப்பாவது பெரும்பாலும் இரண்டு: பின்னணி, பின்னல்.

1913-இல், நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் தெ குபர்த்தென் இதை வரைந்தபோது கணக்கில் வைத்தது ஆறு நிறம். ஆறாவது வெள்ளை. அன்றைய எல்லா நாட்டுக் கொடிகளின் நிறமும் இந்த ஆறில் அடங்கும் என்பதே எண்ணம். அதனால் மஞ்சள் டிஸ்டெம்பர் சுவரில் அப்படியே வரையக் கூடாது. 4.5 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரத்துக்கு வெள்ளை அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள்.

நூல் கட்டி வட்டம் போட வேண்டாம். நூல் இழுபட்டு வளையம் முட்டை வடிவாகும். ரீப்பர் கட்டை ஒன்றில் ஆணிக்கு ஒரு துளை, அதிலிருந்து 45, 55 செ.மீ. தூரத்தில் பென்சிலுக்கு இரண்டு துளை போதும். ஐந்தும் ஒரே அளவில் வரும். ஐந்து வளையம் ஐந்து கண்டங்களைக் குறிப்பதால், அளவு மாறினால் ஒரு கண்டம் பெரியது, ஒன்று சிறியது என்றாகிவிடும்.

ரசமட்டம் வைத்து ஒரு கோடு. அதில் 120 செ.மீ. இடைவெளியில் மூன்று மையம்: இடமிருந்து நீலம், கறுப்பு, சிவப்பு. 50 செ.மீ. கீழே, மேல் மையங்களுக்கு நடுவாக மஞ்சள், பச்சை. மேல்வரிசை வளையங்களுக்கு இடையே 10 செ.மீ. வெள்ளை தெரிந்தால் அளவு சரி.

இனிப் பின்னல். பக்கத்து வளையங்கள் இரண்டு இடத்தில் வெட்டும். ஓரிடத்தில் ஒன்று மேலே வந்தால், மற்றதில் அதுவே கீழே போக வேண்டும். இரண்டிலும் மேலே வந்தால் அது கோத்த வளையமல்ல, ஒன்றன்மேல் ஒன்று வைத்த வளையல். கண்டங்கள் கைகோப்பதாகச் சொல்லும் பொருளே போய்விடும். எது எங்கே மேலே என்பதை அச்சுப் படத்தைப் பார்த்து, பெயின்ட் டப்பா திறக்குமுன் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

மஞ்சளை முதலில் அடியுங்கள், கறுப்பைக் கடைசியில். கறுப்பு தெறித்த இடத்தை, இரண்டு முறை அடித்தாலும் மஞ்சள் மூடாது. வேலூர் வெயிலில் எமல்ஷன் பிரஷ்ஷிலேயே இறுகும். காலை ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது.

வளையத்துக்குக் கீழே ‘ஆசியா’, ‘ஆப்பிரிக்கா’ என்று எழுத வேண்டாம். இன்ன நிறம் இன்ன கண்டம் என்று 1951-க்கு முன் ஒலிம்பிக் கையேட்டிலேயே இருந்தது. குபர்த்தென் அப்படி நினைத்ததற்குச் சான்று இல்லாததால் நீக்கினார்கள். இடம் மிச்சமிருந்தால், 2016 ரியோவில் பளு தூக்கிய நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் பெயரை எழுதலாம். விழாவுக்குப் பணம் கொடுத்த கடையின் பெயரை மட்டும் பக்கத்தில் எழுதாதீர்கள்: வளையங்கள் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் சொத்து, விளம்பரத்துக்கு அனுமதி வேண்டும்.