அதிகாரமில்லாத நீதிமன்றத்தில் வழக்கா? ஆட்சேபத்தை எங்கே தொடங்குவது

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கட்சிக்காரர் தன் வழக்குக் கட்டை என் மேசைமேல் வைத்தார். புரோநோட்டுக் கடன் வழக்கு. அவர் குடியிருப்பதும், நோட்டில் கையெழுத்திட்டதும், பணம் கைமாறியதும் ஒரே ஊரில். வழக்குப் போட்டிருந்ததோ வாதிக்கு வசதியான வேறொரு மாவட்டத்தில். "அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லையே ஐயா, ஐகோர்ட்டில் சொல்லி நிறுத்துங்கள்" என்றார். எதிர்வழக்குரையை, அதாவது பிரதிவாதியாக அவர் தாக்கல் செய்திருந்த பதிலுரையைப் புரட்டினேன். பதினொரு பத்திகள். இடவரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுவினாக்கள் (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனைந்து, வாதியின் சாட்சியமும் முடிந்திருந்தது.

என்னால் அவருக்கு உதவ முடியவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படியுங்கள். இடவரம்பு (எந்த ஊர் நீதிமன்றம்), பணவரம்பு (எவ்வளவு மதிப்புள்ள வழக்கு) ஆட்சேபங்களை முதல் நீதிமன்றத்திலேயே, கூடிய விரைவில், எழுவினா வனையப்படும் இடங்களில் அதற்குள்ளாகவே எழுப்பியாக வேண்டும். அதனால் நீதி பிறழ்ந்தது என்றும் காட்ட வேண்டும். இல்லையென்றால் மேல்முறையீட்டிலோ, சீராய்விலோ (கீழமை நீதிமன்றம் அதிகார வரம்பில் செய்த குறையை உயர் நீதிமன்றம் பார்ப்பது) அது எடுபடாது.

வழக்கின் பொருளையே விசாரிக்கச் சட்டம் தடுத்திருந்தால் கதை வேறு. வங்கிக் கடன்களுக்கான கடன் வசூல் தீர்ப்பாயம் தீர்மானிக்க வேண்டிய விஷயத்தை உரிமையியல் நீதிமன்றம் எடுக்கக் கூடாது என்கிறது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், பிரிவு 34. இப்படி அடிப்படை அதிகாரமே இல்லாமல் பிறப்பித்த தீர்ப்பாணை செல்லாது. தீர்ப்பாணையை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு வரும் கட்டத்தில்கூட அதைக் கேட்கலாம் என்று கிரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954-இல் சொன்னது. ஆகவே, உங்கள் குறை எந்த வகை என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நேராக உயர் நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். எதிர்வழக்குரையில் ஆட்சேபத்தைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். கூடவே, உரிய நீதிமன்றத்தில் போட வழக்குரையை (வாதியின் மனுவை) திருப்பித் தர வேண்டுமானால் அதே சட்டத்தின் கட்டளை 7 விதி 10, சட்டமே தடுப்பதால் அதை நிராகரிக்க வேண்டுமானால் விதி 11 என்று மனுப் போடுங்கள். மனு தள்ளுபடியானால் அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்; சீராய்வுக்கு 90 நாள்தான் கெடு.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 115-ஆம் பிரிவின் சீராய்வு மூன்று குறைகளுக்கானது: இல்லாத அதிகாரத்தைச் செலுத்துவது, இருக்கும் அதிகாரத்தைச் செலுத்த மறுப்பது, செலுத்தும்போது சட்டவிரோதமாகவோ பெரும் முறைகேட்டுடனோ நடப்பது. 2002 ஜூலை முதல் இன்னொரு வாசற்படியும் உண்டு. அந்த உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்திருந்தால் வழக்கே முடிந்திருக்குமா? முடிந்திருக்காது என்றால் 115 உதவாது. அரசமைப்பின் 227-ஆம் உறுப்பில் மேற்பார்வை அதிகாரத்தை நாட வேண்டும். ஆனால் சட்டத்திலேயே மேல்முறையீடு இருந்தால் 227-இன் கதவு ஏறக்குறைய மூடியதுதான் என்று தூத்துக்குடி கல்விச் சங்க வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உரிமையியல் நீதிமன்ற உத்தரவை எதிர்த்து அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) கேட்க முடியாது. 2015-இல் ராதே ஷியாம் வழக்கு அதைத் தீர்த்துவைத்தது. தீர்ப்பாயங்கள் விஷயத்தில் கேட்கலாம். விசாரணை நடந்துகொண்டிருந்தால் அதை நிறுத்தத் தடையுறுத்தும் பேராணை, முடிவு சொல்லிவிட்டால் அதை ரத்து செய்ய ஆவணக் கேட்புப் பேராணை.

மனுவின் காரணங்களை எழுதும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "கீழமை நீதிமன்றம் ஆவணங்களைத் தவறாக மதிப்பிட்டுவிட்டது" என்று தொடங்கினால் அது மேல்முறையீட்டுப் பேச்சு. மேற்பார்வை அதிகாரம் கீழமை நீதிமன்றங்களை வரம்புக்குள் நிறுத்தத்தான், வெறும் பிழைகளைத் திருத்த அல்ல என்று உச்ச நீதிமன்றம் வார்யம் சிங் வழக்கிலேயே 1954-இல் சொல்லிவிட்டது. "பிரிவு 34 தடுத்திருந்தும் வழக்கை விசாரணைக்கு எடுத்தது, தனக்கு அளிக்கப்படாத அதிகாரத்தைச் செலுத்தியதாகும்" என்று எழுதுங்கள். பிரிவு, தடை, மீறல் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். சாட்சி பொய் சொன்னார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

சீராய்வு மனு நிலுவையில் இருப்பதாலேயே கீழே வழக்கு நின்றுவிடாது. தடையாணைக்குத் தனி மனுப் போட்டு, ஆணை கிடைத்ததும் அதன் நகலை அடுத்த வாய்தாவுக்கு முன்பே கீழமை நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிடுங்கள்.