சந்தையில் குதிரை பார்க்கிறீர்களா? முதலில் காதைப் பாருங்கள்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கப் போனால், பல்லைப் பார்க்கும் முன் காதைப் பாருங்கள். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளுக்குக் காது நுனி உள்பக்கம் வளைந்தே இருக்கும், அது அந்த இனத்தின் வாகு, கோபமில்லை. கோபம் என்றால் இரண்டு காதும் பின்னால் மடங்கித் தலையோடு ஒட்டிக்கொள்ளும், மூக்கோரம் சுருங்கும், அப்போது சட்டென்று ஒதுங்கிவிடுங்கள், அடுத்தது கடிதான். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பினால் கவனிக்கிறது, சரி. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக் குளம்பு நுனியை மட்டும் ஊன்றி, கீழுதடு தொங்க நின்றால் ஓய்வில் இருக்கிறது. அதே காலைத் தூக்கி வாலையும் சுளீரென்று வீசினால் உதைக்கப் போகிறது (ஈ ஓட்டும் வால் நிதானமாக ஆடும், நாலு நாள் பார்த்தால் பிடிபட்டுவிடும்). அப்புறம், நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார். குரல் கொடுத்துக்கொண்டே இடது தோள் பக்கமாகப் போங்கள்.