லீவு போட்டும் போகாத களைப்பு: தென்னாப்பிரிக்கா ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) ஐடி வேலை பாக்கற நம்ம ஆளுங்களுக்கு

சென்னைல காலைல ஒன்பதுன்னா இங்க அஞ்சரை. அங்க இருக்கற ஆஃப்ஷோர் டீமோட ஸ்டாண்டப், அதாவது தெனசரி குட்டி மீட்டிங், அப்பவே ஆரம்பிச்சுடும், அவங்க கடையை மூடிட்டு கெளம்பறப்ப இங்க மத்தியானம் மூணு, சரி இனிமே நம்ம வேலையைப் பாக்கலாம்னு உக்காந்தா சாண்ட்டன்ல கிளையன்ட் ஆளு நாலே முக்காலுக்கு ஒரு ‘குவிக் கால்’ போடுவாரு. ரெண்டு ஊரு கடிகாரத்துக்கும் ஒரே ஆளு ஓடறதுதான் இங்க நம்ம பொழப்பு. இப்படி ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஓடினா வர்றதுக்குத்தான் பர்ன்அவுட்னு பேரு. சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2019ல ஐசிடி-11ங்கற நோய்ப் பட்டியல்ல இதை நோய்னு போடல, வேலை சம்பந்தப்பட்ட நிலைன்னுதான் போட்டுச்சு. வேலையிடத்துல சமாளிக்க முடியாம நாள்பட்டுப் போன ஸ்ட்ரெஸ்ஸால வர்றதுன்னு சொல்லி மூணு அடையாளம் குடுத்திருக்காங்க: சக்தியே இல்லாம போறது, வேலை மேல வெறுப்பும் ஒட்டாத தன்மையும் வர்றது, வேலைத்திறன் கொறையறது.

மொதல் அடையாளத்துல நெறைய பேரு ஏமாந்துடறாங்க. சாதா களைப்புன்னா சனி ஞாயிறு நல்லா தூங்கி எழுந்தா திங்கக்கிழமை கொஞ்சமாவது தெளிவு இருக்கும். இதுல பத்து மணி நேரம் தூங்கினாலும் எழுந்திரிக்கறப்பவே அலுப்பு, ஞாயித்துக்கிழமை சாயங்காலமே நெஞ்சு கனக்கும், ஆஃபீஸ் பேஸ்மென்ட்ல காரை நிறுத்திட்டு எறங்க மனசில்லாம உக்காந்திருப்பீங்க. ரெண்டாவதை வீட்ல இருக்கறவங்கதான் மொதல்ல கண்டுபிடிப்பாங்க, புதுசா சேந்த பையன் டவுட் கேட்டா எரிஞ்சு விழறது, டீம்ஸ் ‘டிங்’னு சத்தம் வந்தாலே பல்லைக் கடிக்கறது, முன்னாடி ஆசையா பண்ணின வேலையையே ‘என்னமோ பண்ணித் தொலைங்க’ன்னு விடறது. மூணாவது, பத்து நிமிஷத்துல எழுதற மெயிலை முக்கால் மணி நேரம் மொறைச்சுப் பாத்துட்டு இருப்பீங்க.

இந்த மூணும் சேந்து ஒரு மாசத்துக்கு மேல ஓடுதுன்னா மொதல்ல ஜிபி (சாதாரண டாக்டர்) கிட்ட போங்க. தைராய்டு, இரும்புச்சத்து, பி12 பாத்துடுங்க, அதுவும் சுத்த சைவம்னா பி12 கட்டாயம், ஏன்னா பி12 கொறைஞ்சாலும் இதே அலுப்பு, இதே மந்தம்தான் வரும். அப்புறம் வேலைன்னு இல்லாம சாப்பாடு, கொழந்தை, கிரிக்கெட் எதுலயுமே சந்தோஷம் இல்லைன்னா அது டிப்ரஷனா இருக்கலாம், அதுக்கு வைத்தியம் வேற, தள்ளிப் போடாதீங்க. இங்க மெடிக்கல் எய்ட், அதாவது நம்ம ஹெல்த் இன்ஷூரன்ஸ் மாதிரி, கட்டாயம் குடுக்க வேண்டிய அடிப்படை பலன்களோட பிஎம்பி லிஸ்ட்ல பெரிய டிப்ரஷனும் இருக்கு, ஆஸ்பத்திரில சேராம பாத்துக்கறதுன்னா வருஷத்துக்கு 15 தெரபி செஷன் வரைக்கும் உண்டு, ஆனா டாக்டர் வியாதிக்கான சரியான கோட் போட்டு அனுப்பணும், அதைக் கேட்டு வாங்குங்க.

சரி, பர்ன்அவுட்தான்னு ஆச்சு. உடனே எல்லாரும் சொல்ற வைத்தியம் லீவு. டிசம்பர்ல ஊரே காலி, பேங்க்ல சேஞ்ச் ஃப்ரீஸ் (சிஸ்டத்துல எதையும் மாத்தக் கூடாதுன்னு தடை), நாமளும் மதுரைக்கோ திருச்சிக்கோ பறந்துட்டு ஜனவரில வந்தா ரெண்டே வாரத்துல பழைய நெலமைதான். அடுப்பை அணைக்காம பாலை மட்டும் எறக்கி எறக்கி வெச்சா பொங்கறது நிக்குமா? அதனால எது எரிக்குதுன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும்.

அதுக்கு ரெண்டு வாரம் போனுல ஒரு நோட் போதும். தெனமும் வேலை முடிஞ்சதும் ஒரே ஒரு வரி, இன்னிக்கு என் உயிரை வாங்கினது எது. அப்புறம் மொத்தமா படிங்க. மஸ்லாக், லைட்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இதை ஆறா பிரிச்சாங்க: வேலைச்சுமை, நம்ம கைல கன்ட்ரோல் இருக்கா, ஒழைப்புக்கு ஏத்த பலன், கூட இருக்கற மனுஷங்க, நியாயம், நம்ம மனசுக்கு ஒத்துவருதா. நான் பாத்த வரைக்கும் நம்ம ஆளுங்களுக்கு ‘வேலை ஜாஸ்தி’ங்கறது பாதி கதைதான், மீதி பாதி கன்ட்ரோலும் நியாயமும், அதாவது மீட்டிங் நேரத்தை எவனோ முடிவு பண்றான், ரிலீஸ் சொதப்பினா மட்டும் நம்ம பேரு.

எதுன்னு தெரிஞ்சா அந்த ஒண்ணைப் பத்தி மட்டும் பேசுங்க. மேனேஜர் கிட்ட ‘ரொம்ப கஷ்டமா இருக்கு’ன்னு சொன்னா ‘எல்லாருக்கும்தான்’னு முடிச்சுடுவாரு. அதுக்குப் பதிலா ‘இந்த மூணுல எது மொதல்ல வேணும், எதை அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு (அடுத்த வேலைச் சுத்துக்கு) தள்ளலாம்’னு மெயில்ல கேளுங்க, பதில் எழுத்துல வரட்டும். ஸ்டாண்டப்பை இந்திய நேரம் பதினொண்ணுக்கு மாத்தினா இங்க ஏழரை, அவங்களுக்கும் கஷ்டமில்ல. முடியாதுன்னா அஞ்சரை கால்ல வாரத்துக்கு ஒருத்தர்னு மொறை வெச்சுக்குங்க. காலைல சீக்கிரம் உக்காந்த அன்னிக்கு மூணரைக்கு மேல காலண்டரை பிளாக் பண்ணுங்க. மொதல் வாரம் மொணகுவாங்க, அப்புறம் பழகிடும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கணும். 1997ல வந்த பிசிஇஏங்கற வேலை நிபந்தனைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை, ஆனா ஒரு குறிப்பிட்ட சம்பள வரம்புக்கு மேல வாங்கறவங்களுக்கு அந்த நேரக் கணக்கு பொருந்தாது, ஐடில நெறைய பேரு அந்த வரம்பைத் தாண்டினவங்கதான். லீவு மட்டும் அப்படி இல்ல, சம்பளம் எவ்வளவா இருந்தாலும் வருஷத்துக்கு தொடர்ச்சியா 21 நாள் லீவு உண்டு, சனி ஞாயிறும் அந்த 21ல அடக்கம். சிக் லீவு, வாரத்துல அஞ்சு நாள் வேலைன்னா மூணு வருஷ சுத்துக்கு 30 நாள், ரெண்டு நாளுக்கு மேல தொடர்ந்து போடறப்ப சர்டிஃபிகேட் கேப்பாங்க, அதுல என்ன வியாதின்னு எழுதணும்னா உங்க சம்மதம் வேணும்.

வீட்டையும் பாக்கணும். நெறைய வீட்ல மனைவி டிபெண்டன்ட் விசால வேலைக்குப் போக முடியாம ஃபோர்வேஸ் காம்ப்ளெக்ஸ் கேட்டுக்குள்ளயே நாளெல்லாம், இவரு வந்ததும் மறுபடி லேப்டாப், ரெண்டு பேரும் தனித்தனியா தேயறாங்க. சனிக்கிழமை எட்டு மணிக்கு டெல்டா பார்க்ல பார்க்ரன்னு ஒரு ஓட்டம் நடக்கும், அஞ்சு கிலோமீட்டர், காசு கெடையாது, நடந்தே முடிக்கலாம், ரெண்டு பேருமா போங்க. இல்லைன்னா மெல்ரோஸ் முருகன் கோவில். எதுவோ, போன் காருலயே இருக்கட்டும். அம்மா கிட்ட அப்புறம் பேசிக்கலாம்.

சாகலாம்னு ஒரு எண்ணம் எட்டிப் பாத்தாலும் இந்த டிப்ஸ் எல்லாம் அப்புறம், சாடாக்ங்கற மனநல உதவி அமைப்புக்கு போன் போடுங்க, 0800 567 567, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க.

வேலையை விட்டுடலாம்னு தோணினா, நைட் பதினோரு மணிக்கு அந்த மெயிலை அனுப்பாதீங்க. இன்ட்ரா கம்பெனி டிரான்ஸ்ஃபர் விசான்னா அது அந்த கம்பெனிக்குத்தான், வேலை போனா இங்க இருக்கவும் முடியாது, அதுவே அதிகபட்சம் நாலு வருஷம்தான், நீட்டிக்கவும் மாட்டாங்க. அதனால விசா, கொழந்தையோட ஸ்கூல் டேர்ம், வாடகை லீஸ் நோட்டீஸ் மூணு தேதியையும் ஒரே பேப்பர்ல எழுதி வெச்சுட்டு முடிவு பண்ணுங்க. எடுக்காம சேத்து வெச்ச லீவுக்கு வேலைல இருக்கறப்ப காசு தரமாட்டாங்க, விட்டுப் போறப்ப கணக்குப் பாத்து தந்தாகணும், கடைசி பேஸ்லிப்ல அந்த வரி இருக்கான்னு பாத்துக்குங்க.