பாரமீசியம் நீந்துறதையும் சாப்பிடுறதையும் வீட்டுலயே பாக்குறது எப்படி

ஸ்கூல்ல பாரமீசியம்ங்கிற ஒத்த செல் உயிரோட படம் வரையும்போது ஓரம் பூரா குட்டிக் குட்டியா கோடு போடுவோமே, முடி மாதிரி இருக்குற அந்த சிலியா நிஜத்துல ஒரு நொடி கூட சும்மா இருக்காது, பாரமீசியம் நீந்துறதும் அதாலதான், சாப்பாடு வாய்க்கு வர்றதும் அதாலதான். படத்துல இது தெரியவே தெரியாது, கண்ணால பாத்தே ஆகணும். 4x, 10x, 40x லென்ஸ் இருக்குற சாதாரண ஸ்டூடன்ட் மைக்ரோஸ்கோப் போதும்.

மொதல்ல வளக்கணும். ஒரு கைப்பிடி வைக்கோலை நறுக்கி தண்ணில போட்டு 10 நிமிஷம் கொதிக்க வச்சு, ஆறினதும் கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ரெண்டு நாள் அப்படியே விடுங்க, அதுல பாக்டீரியா பெருகும், பாரமீசியத்துக்கு அதான் சாப்பாடு. அப்புறம் குளத்துல அழுகின இலையோட அள்ளின தண்ணி ஒரு டம்ளர் ஊத்துங்க. குளோரின் போட்ட குழாய்த் தண்ணி வேணாம், கிணத்துத் தண்ணியோ மழைத்தண்ணியோ எடுத்துக்கோங்க. நேர் வெயில் படக்கூடாது, மூடியை இறுக்கக்கூடாது. ஒரு வாரம் போல ஆனா நாத்தம் வரும், மேல ஆடை கட்டும், பயந்து கொட்டிடாதீங்க, அந்த ஆடைக்கு கொஞ்சம் கீழ ஓரத்துலதான் பாரமீசியம் கூட்டமா இருக்கும், ட்ராப்பர்ல அங்கேருந்து எடுங்க.

பாரமீசியம் கால் மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனா நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் ஓடும், 40xல வச்சா கண்ணுல படுறதுக்குள்ள காணாம போயிடும். அதனால ஸ்லைடுல பஞ்சைப் பிச்சு ரெண்டு மூணு இழை போட்டு அது மேல சொட்டு விட்டு கவர் ஸ்லிப் வைங்க, இழைகளுக்கு நடுவுல மாட்டிக்கும். 4xல தேடிப் பிடிச்சு அப்புறம் பெருசாக்குங்க. ஸ்லைடுக்குக் கீழ வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துற டயஃப்ரமை நல்லா குறைக்கணும், வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தா சிலியா தெரியவே தெரியாது, நெறைய பேர் இதுலதான் வெறுத்துப் போய் விட்டுடுறாங்க.

சிலியா எல்லாம் ஒண்ணா அடிக்காது, ஒண்ணு பின்னாடி ஒண்ணா அடிக்கும், நெல்லு வயல்ல காத்து போற மாதிரி அலை ஓடுறது தெரியும். பின்னாடி தள்ளும்போது விறைப்பா இருக்கும், திரும்பி வரும்போது வளைஞ்சு வரும், அதனாலதான் உடம்பு முன்னாடி போகுது. பஞ்சுல முட்டினா கால்சியம் உள்ள நுழைஞ்சு சிலியா அடிக்குறது அப்படியே ரிவர்ஸ் ஆகும், பின்னாடி வந்து கொஞ்சம் திரும்பி வேற பக்கமா போய்ப் பாக்கும். மூளையும் கிடையாது நரம்பும் கிடையாது, ஒத்த செல்லு!

இப்ப சாப்பாடு, இதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பேக்கரி ஈஸ்ட் ஒரு சிட்டிகையை தண்ணில கரைச்சு, துளி காங்கோ ரெட் சாயம் சேத்து கொதிக்க வச்சு ஆறவிடுங்க. சாயம் காலேஜ் லேப்ல கிடைக்கும், உடம்புக்கு ஆகாதது, கிளவுஸ் போட்டுக்கோங்க, சமையல் பாத்திரத்துல பண்ணாதீங்க, சின்னப் பசங்க கைல குடுக்காதீங்க. ஊசி முனையால தொட்டு சொட்டுல கலந்தா போதும். உடம்போட ஒரு பக்கம் இருக்குற பள்ளத்துக்குள்ள சிலியா சிவப்பு ஈஸ்ட்டை சுழட்டித் தள்ளும், பள்ளத்தோட அடில வாய், அங்க உருண்டு திரண்டு ஒரு உணவுக்குமிழா பிரிஞ்சு உள்ள போகும். ஒரே குமிழை விடாம பாருங்க. உள்ள அமிலம் ஏற ஏற சிவப்பு நீலமா மாறும், pH 3 பக்கம் இறங்கிடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் அமிலம் குறைய திரும்பவும் சிவக்கும், செரிமானம் நடக்குறதை நிறமாவே பாக்குறோம். செரிக்காத மிச்சம் எப்பவும் ஒரே இடத்துல வெளிய வரும்.

ரெண்டு முனைலயும் நட்சத்திர வடிவுல விரிஞ்சு சுருங்குறது சுருங்கும் குமிழ், அது சாப்பாடு இல்ல, உள்ள ஊறுற தண்ணியை வெளிய இறைக்குது, குழப்பிக்காதீங்க.

அமீபா வேணும்னா பாட்டில் அடி வண்டல்ல தேடணும், பொறுமை வேணும், ஸ்லைடை கொஞ்ச நேரம் அசைக்காம விட்டாதான் போலிக்காலை, அதாவது உடம்பையே கால் மாதிரி நீட்டும், அதாலயே ஊர்ந்து போகும், அதாலயே இரையை சுத்தி வளைச்சு முழுங்கும். அழுகின இலைத் துணுக்குல வோர்டிசெல்லாங்கிற இன்னொரு ஒத்த செல் உயிர் ஒட்டிட்டு இருந்தா விடாதீங்க, அதுக்கும் சிலியா உண்டு, ஆனா நீந்தாம காம்புல நின்னுக்கிட்டு தண்ணியைத் தன் பக்கம் இழுக்கும், ஸ்லைடை லேசா தட்டினா காம்பு சட்டுனு சுருளும்.

போனை ஐபீஸ்ல வச்சு ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுங்க, கண்ணுக்கு வெறும் மினுமினுப்பா தெரிஞ்ச சிலியா அதுல தனித்தனி அடியா தெரியும்.