ஏறியது தைராய்டு அன்று: பரிசோதனைத் தாளைப் படிக்கவும் மாத்திரையைச் சரியாகப் போடவும்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்களில் யாராவது ஒருவர் இரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்து, “டீச்சர், எனக்குத் தைராய்டு ஏறிப்போச்சாம், உப்பைக் குறைக்கட்டுமா?” என்று கேட்காத மாதம் அரிது. நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன் என்பதோடு, பன்னிரண்டு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். அந்த அளவு உடலில் முழுமையாகப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

முதலில் ‘ஏறிப்போச்சு’ என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தைராய்டு என்பது நோயின் பெயர் அன்று. கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் எல்லோருக்கும் இருக்கும் சுமார் 20 கிராம் எடையுள்ள சுரப்பி அது. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இருப்பதுபோல் இதற்குக் குழாய் கிடையாது. சுரப்பதை நேராக இரத்தத்தில் விடுவதால்தான் பாடநூலில் இதை நாளமில்லாச் சுரப்பி என்கிறோம். இது சுரக்கும் டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களே உடல் எவ்வளவு வேகமாக எரிபொருளைச் செலவிட வேண்டும், இதயம் எவ்வளவு விரைவாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக அசைய வேண்டும் என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானிக்கின்றன.

ஆனால் தைராய்டு தன் விருப்பப்படி சுரப்பதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி, இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதை இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருந்து, குறைந்தால் டி.எஸ்.எச். என்ற தன்னுடைய ஹார்மோனை அதிகமாக அனுப்பி ‘இன்னும் சுரந்து கொடு’ என்று தைராய்டைத் தூண்டுகிறது. போதுமான அளவு வந்ததும் தன் குரலைத் தணித்துக்கொள்கிறது. தெருவில் விளையாடும் பிள்ளையை வாசலில் நின்று கூப்பிடும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வராவிட்டால் குரல் உயரும், வந்துவிட்டால் அடங்கும். பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். என்று அச்சாகியிருப்பது தாயின் குரல்தான். ஆகவே டி.எஸ்.எச். ஏறியிருக்கிறது என்றால் தைராய்டு போதுமான அளவு சுரக்கவில்லை, குறைந்திருக்கிறது என்று பொருள். இந்த ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, “ஏறியதைக் குறைக்கிறேன்” என்று மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தாளைப் படிக்கும்போது டி.எஸ்.எச்., டி4 இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயதுவந்தவர்களுக்கு டி.எஸ்.எச். பெரும்பாலான ஆய்வகங்களில் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும் என்பதால் உங்கள் தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையையே எடுத்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.எச். கூடி, டி4 குறைந்திருந்தால் அது தைராய்டுக் குறைபாடு. டி.எஸ்.எச். சற்றே கூடி, டி4 இயல்பாக இருந்தால் பெரும்பாலும் மருத்துவர் உடனே மருந்து எழுதாமல் சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்வார். அது அலட்சியம் அன்று. டி.எஸ்.எச். குறைந்து டி4 கூடியிருந்தால் சுரப்பி மிகையாகச் சுரக்கிறது: கை நடுக்கம், படபடப்பு, சாப்பிட்டும் மெலிதல் ஆகியவை அதோடு வரும். இரண்டுமே குறைந்திருந்தால் கோளாறு பிட்யூட்டரியிலேயே இருக்கக்கூடும் என்பதால், அந்தத் தாளோடு தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் இந்த நிலை கண்ணில் படாமல் போய்விடும்.

இரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைக் கையோடு எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்வது நல்லது. டி.எஸ்.எச். ஒரே நாளிலேயே நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சில கருவிகளில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டும். முடி கொட்டுவது தைராய்டுக் குறைபாட்டின் அறிகுறியாகவும் இருப்பதால் இவ்விரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

இனி மாத்திரை. அதில் இருப்பது லெவோதைராக்சின், அதாவது நம் சுரப்பி சுரக்கும் அதே டி4. வெறும் வயிற்றில் போட்டால் அதில் முக்கால் பங்கு அளவுக்கு உடலில் சேரும். உணவோடும் பாலோடும் காபியோடும் போட்டால் அது குறைந்துவிடும். நான் இந்தத் தவற்றை இரண்டு ஆண்டுகள் செய்தேன். காலையில் மாத்திரையை விழுங்கியதும் பால் சேர்த்த டீ, அடுத்த அரைமணியில் இட்லி, அதன் பின்னாலேயே கால்சியம் மாத்திரை. டி.எஸ்.எச். இறங்கவே இல்லை. அப்போது நான் போய்க்கொண்டிருந்த கிளினிக்கில் 75 மைக்ரோகிராமை 100 ஆக்கினார்களே தவிர, எப்படிச் சாப்பிடுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாடம் நடத்தும் நானும் யோசிக்கவில்லை. பிறகு வேறோர் இளம் மருத்துவர், “மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் எவ்வளவு நேரம்மா?” என்று கேட்ட ஒரே கேள்வியில் விஷயம் விளங்கியது. நேரத்தை மாற்றியதும் பழைய 75 மைக்ரோகிராமே போதுமானதாயிற்று.

ஆகவே எழுந்ததும் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை டீயோ உணவோ எடுக்காமல் இருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு மணி நேரம் டீ இல்லாமலா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி, மாத்திரையை வீட்டு வேலையோடு கட்டிவிடுவது. விடியற்காலையில் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் குடத்தை எடுக்கும் முன் மாத்திரையைப் போட்டுக்கொண்டால், கடைசிக் குடம் உள்ளே வருவதற்குள் நேரம் கடந்துவிடும். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் எங்கள் தெரு அக்கா இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போகிறவர். “காலையில் போடுங்கள்” என்று எழுதியிருந்ததால் வியாபாரம் முடிந்து வந்து, பன்னும் டீயும் ஆன பிறகு எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து முகம் கழுவியதும் போடுகிறார்; துறைமுகத்தில் முதல் டீ மூன்று மணிக்குத்தான். மருந்துக்கு வேண்டியது வெறும் வயிறே தவிர, கடிகாரத்தின் காலை அன்று. இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடுவதும் சரியான முறைதான், ஆனால் எம்.சி. ரோடு துணிக்கடைகளில் வேலை முடிந்து பத்து மணிக்கு வந்து சாப்பிட்டதும் படுத்துவிடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

மாத்திரையைப் பாட்டிலிலிருந்து எடுத்து எவர்சில்வர் டப்பாவிலோ காகித உறையிலோ போட்டு வைக்காதீர்கள். வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் இந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். கடற்காற்று வீசும் நம் வீடுகளில் சமையலறை அலமாரி அதற்கு ஏற்ற இடம் அன்று. ஒரே கம்பெனி மருந்தையே தொடர்ந்து வாங்குவதும் முக்கியம். மாற்ற நேர்ந்தால் ஆறு வாரம் கழித்து ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு வாரத்துக்குக் காரணம் இருக்கிறது. டி4 இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். எனவே அளவை மாற்றினால் புதிய நிலை படிய ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். பத்தாம் நாளே இரத்தம் கொடுத்துவிட்டு, குறையவில்லையே என்று கலங்குவது பணத்துக்கும் மனத்துக்கும் நட்டம். ஒரு நாள் மறந்துவிட்டாலும் பதற வேண்டாம்: அன்றே நினைவு வந்தால் வயிறு காலியாக இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

டி.எஸ்.எச். இயல்புக்கு வந்ததும் பலர் “நார்மல் ஆகிவிட்டது” என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வந்தது மாத்திரையால் வந்த நார்மல். பெரும்பாலும் தைராய்டைத் தாக்கியிருப்பது உடலின் சொந்த எதிர்ப்பாற்றலே என்பதால், சேதமடைந்த சுரப்பி மீண்டு முழுவேலை செய்வது அரிது. மருந்து நின்றால் சில வாரங்களில் சோர்வும் மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் திரும்பும். உடம்பு இளைக்கட்டும் என்று தானாக ஒன்றுக்கு இரண்டாகப் போடுவதோ இதைவிட ஆபத்து. அது இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பைக் கரைக்கும்.

உப்புக் கேள்விக்கு வருகிறேன். தைராய்டு ஹார்மோனை உருவாக்க அயோடின் வேண்டும். வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் தேவை. சமையலுக்கு அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துங்கள். தைராய்டுக்காக உப்பைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்காக மருத்துவர் குறைக்கச் சொல்லியிருந்தால் அது வேறு கணக்கு. சமைத்த முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் அளவோடு சாப்பிட்டால் கெடுதல் இல்லை.

கருவுற்ற பெண்களுக்கு மட்டும் காத்திருத்தல் கூடாது. முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்தே போக வேண்டும். தாயின் தேவை பொதுவாகக் கால் பங்குக்கு மேல் கூடும். நாள் தள்ளிப்போனது உறுதியானவுடனே, அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இராமல், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையோ ஸ்டான்லியோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, எங்கே பதிவு செய்தாலும் முதல் சொல்லாகத் தைராய்டு மாத்திரை போடுவதைச் சொல்லுங்கள். அங்கே கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை மதியமோ இரவோ உணவுக்குப் பின் வைத்துக்கொண்டால் நான்கு மணி நேர இடைவெளி தானாக அமைந்துவிடும். பிரசவத்துக்குப் பின் அளவு பெரும்பாலும் பழையபடி குறைக்கப்படும். ஆறு வாரத்தில் மறுபரிசோதனை உண்டு. பிறந்த குழந்தைக்கும் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்க்கும் சோதனை இருக்கிறது. அதைச் செய்தார்களா என்று வீட்டுக்கு அனுப்பும் முன்பே செவிலியரிடம் கேட்டு, முடிவைக் குழந்தையின் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.